சுவர் நிழலில் அளந்த காற்று

இல்லை, பதில் தெரியாமல் நான் சும்மா இருக்கவில்லை. தெரியும். டீ ஆறிப்போகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேனே, அப்போதும் தெரியும். பால்கனியின் கண்ணாடிக் கதவை நீ மெதுவாகத்தான் சாத்தினாய். சாத்திய பிறகும் மூச்சு மருந்தைப் புகையாக்கித் தருகிற நெபுலைசர் ஓடுகிற சத்தம் கேட்டது. யாழினி அந்த முகமூடியை வைத்துக்கொண்டு ரம்யாவின் மடியில் உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். பழகிவிட்டாள். மூன்று வயதுக் குழந்தை அதற்குப் பழகியிருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

நீ கேட்டது இதுதான். "இத்தன வருஷமா இதத்தானம்மா அளக்குற. இந்த ஊரு காத்து நல்லாயிட்டு வருதா, இல்லியா? ஒரே வார்த்தைல சொல்லு."

ஆக்லாந்து வேலைக்கு வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் சொல்ல வேண்டும். நல்லாகி வருகிறது என்று நான் சொன்னால் நீங்கள் இங்கேயே இருந்துவிடுவீர்கள். ரம்யாவுக்குப் போக மனமில்லை. சமையலறையில் தம்ளர் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள், "அத்தை, நீங்க ஒரு வார்த்த சொன்னா அவரு கேப்பாரு." ஆக அந்த வார்த்தை என்னிடம் இருக்கிறது. சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்து யாழினிக்குத் தலை வாரிவிடலாம். கையில் அதற்கு ஆதாரமும் இருக்கிறது. வருஷாவருஷம் இறங்கிவருகிற ஒரு கோடு, அச்சடித்த தாளில், என் ஆய்வகத்தின் பெயரோடு. அந்தக் கோட்டை நீயே பார்த்திருக்கிறாய். இருந்தும் வாயில் வரவில்லை. என் ஆசை அந்த வார்த்தையின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பது எனக்கே தெரிந்தது. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

நான் செய்கிற வேலை உனக்குச் சரியாகத் தெரியும் என்று நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டால் எங்கம்மா லேபில் இருக்கிறார்கள் என்று சொல்வாய், அதோடு சரி. பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பழைய கட்டிடத்தின் மொட்டை மாடியில் எங்கள் இயந்திரம் இருக்கிறது. தகரத் தொப்பி போட்ட பெட்டி மாதிரி. நாள் முழுக்கக் காற்றை உள்ளே இழுக்கும். இழுக்கிற வழியில் ஒரு வெள்ளைத் தாள். மாட்டுவதற்கு முன்னால் தாளை எடை போடுவோம். ஓடி முடித்ததும் கழற்றி, தூசி உள்பக்கம் இருக்கும்படி மடித்து, எடுத்துவந்து மறுபடி எடை போடுவோம். கூடியிருப்பது எவ்வளவோ அதுதான் அந்தப் பகுதி மக்களின் நெஞ்சுக்குள் போயிருக்கும். விரலால் தொடக்கூடாது, இடுக்கிதான். தாளின் மேல் பேசக்கூடாது. இருமல் இருக்கிற நாளில் தராசு அறைக்குள் போகக்கூடாது. இருபத்தைந்து வயதில் பழகினேன். இப்போது வீட்டில் அப்பளம் எடுக்கும்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன் என்று அப்பா கேலி செய்கிறார்.

ஒரு கோடை விடுமுறையில் உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். தராசின் கண்ணாடிக் கதவைத் திறந்து, வெறும் தட்டின் மேல் ஊதிவிட்டாய். எண்கள் குதித்தன. பயந்துபோய் என்னைப் பார்த்தாய். நான் திட்டவில்லை, அது உன் மூச்சின் கனம் என்றேன். அறிவியல்படி அது சரியில்லை. காற்று தட்டை அழுத்தியது, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு முழுக்க நீ வருகிறவர்களிடமெல்லாம் என் மூச்சுக்கு வெயிட் இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாய். போன ஞாயிற்றுக்கிழமை யாழினியின் முதுகில் கை வைத்தபோது உள்ளே விசில் மாதிரி ஒரு சத்தம் கையில் தட்டியது. அந்தத் தராசு ஞாபகம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

அந்த நாட்களில் தாள் கறுப்பாக வரும். எங்களுக்குள் ஒரு வழக்கம், எடை போடும் முன்பே நிறத்தை வைத்துச் சொல்வோம். கரி. சிலேட்டு. சாம்பல். பீன்யாத் தாள் எப்போதும் கரிதான். அங்கே ஆலைகளின் பாய்லர்களில் விறகு எரிப்பார்கள், விறகோடு பழைய டயர், ரப்பர் கழிவு, கிடைத்ததெல்லாம். குடியிருப்புக்காரர்கள் சிலர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. அந்தப் பகுதியில் விறகும் டயரும் எரிக்கக்கூடாது, எல்லோரும் காஸுக்கு மாற வேண்டும், மாறிய பிறகு காற்று எப்படி இருக்கிறது என்று தொடர்ந்து அளந்து காட்ட வேண்டும். அளந்து காட்டுகிற வேலை எங்களுக்கு வந்தது. ஓனர்கள் இழுத்தடித்தார்கள். ஒரு பாய்லர் மாறும், பக்கத்தில் இரண்டு மாறாது. மூடி முத்திரை வைப்பார்கள், திறப்பார்கள். சட்டம் என்றால் ஒரு நாளில் நடப்பது என்று நினைத்திருந்தேன். அது ஈரத் துணி காய்வது மாதிரி. நின்று பார்த்தால் காய்வதே தெரியாது. ஆனாலும் தாள் சிலேட்டாயிற்று. பிறகு சாம்பல். ஒரு வருஷம் மழை முடிந்த கையோடு வந்த தாளைப் பார்த்து, இதற்கு என்ன பெயர் என்று தெரியாமல், ராகி மாவு என்றாள் கூட வேலை செய்கிறவள். எல்லோரும் வந்து பார்த்தோம்.

நம் வீட்டுக்குள்ளும் அப்படி ஒரு சட்டம் வந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். புகை கக்குகிற பழைய ஆட்டோக்கள் காஸுக்கு மாற வேண்டும் என்று சொன்னபோது அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். என்னவோ நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. நீலசந்திரா ஆட்டோ ஸ்டாண்டில் நின்று, என் காது கேட்கவே சொன்னார், "என் பொண்டாட்டி எட போட்டு எட போட்டே என் வண்டிய எடைக்குப் போட்டுட்டா." ஸ்டாண்டே சிரித்தது. காஸ் நிரப்ப வரிசையில் நிற்கும்போதெல்லாம் என்னைத்தான் திட்டியிருப்பார். ஆனால் அவருடைய கர்ச்சீப்புகளைத் துவைப்பது நான். வெள்ளைக் கர்ச்சீப்தான் வேண்டும் என்பார். சாயங்காலம் முகம் துடைத்துப் போடுகிற கர்ச்சீப்பைப் பக்கெட்டில் போட்டால் தண்ணீர் கறுத்துவிடும். ஒவ்வொரு ஆட்டோவாக மாறி, பிறகு பஸ்களுக்கு வருகிற டீசலும் மாறிய பிறகு அந்தத் தண்ணீர் வெளுத்தது. அவரிடம் பக்கெட்டைக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, சோப்பு நல்ல சோப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவே சமாதானம்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் இனிமேல் சொல்லப்போவதை வைத்து எல்லாம் வீண் என்று நீ நினைத்துவிடக்கூடாது. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஒரு கணக்கு தப்பினால் நோட்டையே கிழிப்பாய்.

பீன்யா மாடி எப்படிக் கொதிக்கும் என்று சொல்லி முடியாது. தாள் மாற்றப் போகும்போது செருப்பைத் தாண்டிச் சூடு ஏறும். பக்கத்து மனையில் ஒரு துணி ஆலை இருந்தது, எங்கள் கட்டிடத்தைவிடத் தாழ்வாக. அது கொஞ்சம் கொஞ்சமாக மாடி எழுப்பியது. ஒரு மாடி கட்டுவார்கள், கொஞ்ச காலம் விடுவார்கள், அடுத்தது. எங்களைத் தாண்டி எழுந்தபோது மாடியில் நிழல் விழுந்தது. முதலில் ஒரு ஓரம். அப்புறம் பாதி. நான் சந்தோஷப்பட்டேன். உண்மையாகவே. அந்தச் சுவர் ஓரத்தில் ஒரு பழைய நாற்காலி போட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து, இப்போதுதான் கடவுள் கண் திறந்தார் என்று உட்கார்ந்து சாப்பிட்டேன். பல வருஷம் சாப்பிட்டேன். இயந்திரம் என் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அதே நிழலில்.

அப்பா ஆட்டோவை விட்ட பிறகு வீட்டில் உட்கார முடியாமல் சில நாள் எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அங்கே வருவார். போன வருஷம் ஒரு மத்தியானம். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு பீடி பற்றவைத்தார். இயந்திரத்துக்குப் பக்கத்திலா என்று நான் சத்தம் போடுவதற்குள் அவரே திரும்பி, கையில் எரிகிற குச்சியைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னாடி இது, ஒரே குச்சில பத்திக்கிச்சு. முன்னெல்லாம் இங்க நாலு குச்சி போவும். காத்தையும் சேத்துத் தட பண்ணிட்டாங்களா உங்க ஆளுங்க?"

சுடர் ஆடவே இல்லை. விரலைச் சுடும்வரை நேராக எரிந்தது. அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தார். நான் அண்ணாந்து பார்த்தேன். சுவர். அதற்கு மேலும் சுவர். வேலைக்குச் சேர்ந்தபோது முதலில் கற்றுக்கொடுத்த விதி அது. அளக்கிற இடத்தைச் சுற்றித் திறந்த வெளி இருக்க வேண்டும், பக்கத்தில் எதுவும் மறைக்கக்கூடாது, காற்று எந்தப் பக்கத்திலிருந்தும் தடையில்லாமல் வர வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நானே பாடம் மாதிரி சொல்வேன். பாய்லர்கள் இருக்கிற தெரு அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து வருகிற காற்று முன்பு நேராக எங்கள் தாளில் வந்து மோதும். இப்போது சுவரில் மோதித் திரும்புகிறது. எனக்குக் கிடைத்த நிழல் இயந்திரத்துக்கும் கிடைத்தது. சோற்றை மூடி வைத்துவிட்டேன். அப்பா, குழம்பு சரியில்லையா என்று கேட்டார்.

கோடு இறங்கியது உத்தரவாலா, சுவராலா? இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்திருக்கின்றன. பிரித்துப் பார்க்க ஒரே வழி, எதிர்ப்புறத் தெருவில் சுவர் எதுவும் மறைக்காத ஒரு பள்ளிக்கூட மாடியில் இன்னொரு இயந்திரத்தை வைத்து, அதே நாட்களில் ஓட்டுவது. மேனேஜரிடம் பழைய இயந்திரம் பழுது மாதிரித் தெரிகிறது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுமதி வாங்கினேன். அது பொய். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. தீபாவளிக்குப் பிறகு தொடங்கி யுகாதி வரை ஓட்டினேன். பள்ளிக்கூட மாடித் தாள் ராகி மாவாக வரவில்லை. சாம்பல். சில நாள் சிலேட்டு. அதே நாளில் நிழலிலிருந்து எடுத்த தாள் வெளுப்பாக இருந்தது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் இத்தனை வருஷ வேலை அந்த இரண்டு தாள்களுக்கு நடுவில் எங்கேயோ இருந்தது.

பிறகு சுவர் எழும்புவதற்கு முந்தைய வருஷங்களின் எண்களை எடுத்தேன். உத்தரவு வருவதற்கு முன், திறந்த மாடியில் எடுத்தவை. அவற்றைப் பள்ளிக்கூட மாடியின் எண்களோடு வைத்தேன். திறந்த வெளிக்குத் திறந்த வெளி. கோடு அப்போதும் இறங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இறங்கித்தான் இருக்கிறது. நாங்கள் காட்டிவந்த சரிவு இல்லை. பாதியளவுகூட இருக்குமா என்று சந்தேகம். ஆனால் இறக்கம் இறக்கம்தான். பாய்லர்களை மாற்றியது வேலை செய்திருக்கிறது. கர்ச்சீப்பும் அதைத்தானே சொன்னது, அதன் பக்கத்தில் சுவர் ஏதும் இல்லை.

மேனேஜர் நல்ல மனிதர். கன்னடக்காரர், என்னிடம் தமிழில் பேச முயற்சி செய்வார், கோபம் வந்தால் மட்டும் கன்னடம். எல்லாவற்றையும் சொன்னேன், பழுது என்று சொன்ன பொய்யையும் சேர்த்து. அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் கஷ்டமாகப் போயிற்று. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"மேடம், இருக்கட்டும். அடுத்த மாசம் மறுபடி விசாரண. ஓனருங்க வக்கீல் இதத்தான் தேடிட்டு இருக்கார். எறங்கினது சுவரால, காஸால இல்லன்னு சொல்வார். ஆர்டரே போயிடும். அப்பறம் மறுபடியும் டயர். என் பொண்ணு ஸ்கூல் அங்கதான் இருக்கு மேடம்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. நல்ல சட்டம். அதற்கு முட்டுக் கொடுத்து நிற்பது ஒரு பிசகான கோடு. கோட்டை எடுத்தால் சட்டம் விழலாம். வீட்டுக்கு வரும்போது மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். அறிக்கையைப் பழையபடியே அடித்து மேசையில் வைத்திருந்தார்கள், என் கையெழுத்துக்காக. நாளை பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இன்னும் கொஞ்ச நாளில் நான் வேலையிலிருந்து நிற்கிறேன். நின்றுவிட்டால் யாரோ ஒருத்தர் கையெழுத்துப் போடுவார். எனக்குக் களைப்பாக இருந்தது. கோழைத்தனம் என்று நீ சொல்லலாம். களைப்புக்கும் அதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்காது.

அப்போதுதான் நீ பால்கனியில் நின்று கேட்டாய்.

மேனேஜர் கேட்பதும் நீ கேட்பதும் ஒன்றுதான் என்று பஸ்ஸில் வரும்போது தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே வார்த்தை கேட்கிறீர்கள். இரண்டு பேருக்கும் காட்ட என்னிடம் அதே கோடு இருக்கிறது. அதைக் காட்டினால் அவருக்குச் சட்டம் நிற்கும், எனக்கு நீ நிற்பாய். ஆனால் அந்தக் கோடு இன்னொன்றும் சொல்கிறது. வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது, இனிப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று சொல்கிறது. அதை நம்பித்தான் அடுத்த தெருக்களுக்கு உத்தரவை நீட்டாமல் வைத்திருக்கிறார்கள். யாழினியின் முதுகில் கை வைத்தவர் யாரும் அதை நம்ப மாட்டார்கள். அதோடு, அந்தச் சுவர் எங்கேயும் போகப்போவதில்லை. என்றைக்காவது ஒருவர் அந்த மாடிக்கு ஏறி அண்ணாந்து பார்ப்பார். அன்றைக்குப் பொய்யான பாதியோடு உண்மையான பாதியையும் தூக்கிப்போடுவார்கள். பாய்லர்காரர்கள் காத்திருப்பது அதற்குத்தான். நாங்களே முதலில் சொல்லிவிட்டால், மிச்சம் இருக்கிற பாதியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். நிற்கலாம் என்றுதான் சொல்கிறேன். நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

நீயும் வேலையில் இப்படிக் கோடுகளை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாய், ரம்யா சொல்வாள். யாராவது ஒரு கோட்டைக் காட்டினால், எங்கே நின்று அளந்தாய் என்று கேள். நிழலில் உட்கார்ந்திருக்கும்போது, அது எதனுடைய நிழல் என்று ஒரு தடவை அண்ணாந்து பார். புத்தி சொல்ல எனக்கு வேறொன்றும் இல்லை. இதையும் நான் தாமதமாகத்தான் கற்றேன், அதுவும் ஒரு தீக்குச்சியிடம்.

ஒரே வார்த்தையில் சொல்லக் கேட்டாய். முடியவில்லை. குறைந்திருக்கிறது. நாங்கள் சொல்லிவந்த அளவு குறையவில்லை. யாழினிக்கு இது போதாது.

அதனால் போய்விட்டு வாருங்கள். ரம்யாவிடம் நான் சொன்னதாகவே சொல். சட்டம் அதன் வேகத்தில் நடக்கட்டும், மூன்று வயது நெஞ்சு அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஒன்றே ஒன்று. அங்கே யாராவது உங்கள் ஊர் எப்படி என்று கேட்டால், அங்கெல்லாம் எதுவும் மாறாது என்று சொல்லிவிடாதே. வெளிநாடு போகிற உங்கள் ஆட்களுக்கு அது சுலபமாக வருகிறது. அது பொய். அப்பாவின் கர்ச்சீப்பைத் துவைத்தவள் சொல்கிறேன். அவரிடம் நீங்கள் போவதை நான் இன்னும் சொல்லவில்லை. நீயே சொல். திட்டுவார். கொஞ்ச நேரம் திட்ட விடு.

இதை நேற்றுச் சாயங்காலம் எழுதினேன். இன்று காலை ஆய்வகத்தில் பழைய அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. குறைந்திருக்கிறது, நாங்கள் சொல்லிவந்த அளவு குறையவில்லை என்று உனக்கு எழுதிய இரண்டு வாக்கியங்களையே கொஞ்சம் அலுவலகப் பாஷையில் மாற்றி, இரண்டு மாடிகளின் எண்களையும் சேர்த்துப் புது அறிக்கை அடித்து, கையெழுத்துப் போட்டு மேனேஜர் மேசையில் வைத்தேன். அவர் படித்தார். டீ சொன்னார், எனக்கும் சேர்த்து. பிறகு பீன்யாவுக்குப் போனேன். நிழலில் இருந்த இயந்திரத்தை நிறுத்தி, கடைசித் தாளைக் கழற்றி மடித்து உறையில் போட்டேன். நாற்காலியை மாடிக் கதவுக்குப் பக்கத்தில் எடுத்துவைத்தேன். எதிர்ப்புறப் பள்ளிக்கூட மாடிக்கு ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, புதுத் தாளை மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன்.